ஹவுஸ் இசை: கேட்கத் தகுந்த தடங்கள்

ஹவுஸ் இசை அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1980களின் தொடக்கத்தில் உருவான மின்னணு நடன இசை வகை. டிரம் மெஷின், சிந்தசைசர் ஆகிய கருவிகளைக் கொண்டு, பெரும்பாலும் வீடுகளிலும் சிறு அறைகளிலும் உருவாக்கப்பட்டது. இன்று உலகெங்கும் நடன அரங்குகளில் ஒலிக்கும் டெக்னோ, டிரான்ஸ், இ.டி.எம். ஆகியவற்றுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. இக்கட்டுரை இவ்வகையில் கேட்கத் தகுந்த தடங்கள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் சிறப்பையும் குறையையும் மதிப்பிடுகிறது. ஹவுஸ் இசையில் தனிப் படைப்பைப் 'பாடல்' என்பதைவிடத் 'தடம்' என்பதே வழக்கம். பல தடங்களில் பாட்டே இல்லை என்பதால் அச்சொல் பொருத்தமானதும்கூட.

கேட்கும் முறை

திரைப்பாடலுக்குப் பழகிய காதுக்கு ஹவுஸ் இசை முதலில் வெறும் இரைச்சலாகத் தோன்றும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு இதில் இல்லை. இடையிசை எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 'ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு இப்படித்தான் பிறக்கிறது. குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் திரும்பச் சொல்வது குறை என்று கொண்டால் தம்புராவும் குறையுடையதே.

இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். பெரும்பாலான ஹவுஸ் தடங்கள் நிமிடத்துக்கு 120 அடிகளை ஒட்டிய வேகத்தில் செல்பவை. அதாவது நொடிக்கு 2 அடி. நான்கு அடிகள் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 2 நொடி. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை இந்த வேகத்தில் போட்டால் இரண்டு சுற்று முடிந்திருக்கும். ஒவ்வொரு அடியிலும் கனமான கிக் டிரம், இரண்டாம் நான்காம் அடிகளில் கைத்தட்டல் ஒலி, அடிகளுக்கு நடுவே ஹை-ஹாட் என்னும் மெல்லிய தட்டின் ஒலி. இதுவே அடித்தளம். மாற்றங்கள் எட்டு அல்லது பதினாறு சுற்றுகளுக்கு ஒருமுறை நிகழ்கின்றன. அதாவது 16 நொடிக்கோ 32 நொடிக்கோ ஒருமுறை ஓர் ஒலி வந்து சேரும், அல்லது விலகும். இருபது நொடி கேட்டுவிட்டு அடுத்த தடத்துக்குத் தாவுபவரின் காதில் எந்த மாற்றமும் விழாமல் போவதற்கு இதுவே காரணம். தொடக்கத்தில் நீண்ட நேரம் டிரம் மட்டுமே ஒலிப்பதற்கும் காரணம் உண்டு. முன்னே ஓடும் இசைத்தட்டின் தாளத்தோடு இதைப் பொருத்தி இணைக்க டி.ஜே.க்கு அந்த இடம் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைத் தருவதே இல்லை. ஹவுஸ் இசையின் பாதி உயிர் அந்தத் தாழ்ந்த ஒலியில்தான் இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை நீக்கிவிட்டு வலந்தலையை மட்டும் கேட்பது போன்றது அது. நல்ல காதணி ஒலிபெருக்கியாவது வேண்டும்.

பின்னணி

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் முன்னின்று நடத்திய நிகழ்ச்சியில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஒரு தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவுச்சீட்டு. வெடிக்குப் பின் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. கொண்டுவரப்பட்ட தட்டுகளில் டிஸ்கோவோடு தொடர்பே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் ஏராளமாக இருந்தன என்று அன்று அங்கே பணியாளராக நின்ற வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பின்னாளில் கூறினார். அந்த லாரன்ஸே சில ஆண்டுகளுக்குப் பின் ஜெசி சாண்டர்ஸுடன் இணைந்து 'ஆன் அண்ட் ஆன்' (1984) தடத்தை உருவாக்கினார். முதல் ஹவுஸ் இசைத்தட்டாகப் பலரும் கொள்வது இதைத்தான்.

டிஸ்கோ எரிக்கப்பட்ட அதே நகரில், 206 தெற்கு ஜெஃபர்சன் தெருவிலிருந்த 'வேர்ஹவுஸ்' என்ற நடன அரங்கில் அது வேறு உருவம் எடுத்துக்கொண்டிருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் (1955-2014) அங்கே டி.ஜே. கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தற்பாலீர்ப்பு இளைஞர்களே அங்கு பெரும்பாலும் கூடினர். வேறெங்கும் தயக்கமின்றி ஆட முடியாதவர்கள் அவர்கள். அந்த அரங்கின் பெயர் குறுகியே 'ஹவுஸ்' ஆயிற்று என்பது பரவலான விளக்கம். அக்கட்டடம் 2023-இல் சிகாகோ மாநகராட்சியால் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்த வரலாறு இல்லாமலும் இத்தடங்களுக்கு ஆடலாம். ஆனால் 'இது பணக்கார இளைஞர்களின் கேளிக்கை இசை' என்று தமிழ்ச் சூழலில் பரவலாக உள்ள எண்ணம் எவ்வளவு தலைகீழானது என்பது இதை அறிந்தால்தான் விளங்கும்.

தடங்கள்

தொடங்குவதற்கு ஹவுஸ் பிறப்பதற்கு முந்தைய ஒன்றே நல்லது. டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' (1977). இசையமைத்தவர்கள் ஜியார்ஜியோ மொரோடர், பீட் பெலோட். பாடகியின் குரலும் கிக் டிரம்மும் தவிர மற்ற ஒலிகள் அனைத்தும் சிந்தசைசரில் எழுந்தவை. மனிதக் குரல் மிதக்க, அடியில் எந்திரம் தளராமல் ஓடும் அந்த எதிர்நிலைதான் பின்னர் ஹவுஸ் இசையின் மூலதனம் ஆயிற்று.

'ஆன் அண்ட் ஆன்' வரலாற்றுக்காக ஒருமுறை கேட்டால் போதும். பிரிட்டனில் 1987 ஜனவரியில் முதலிடம் பெற்ற ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' தடத்துக்கும் அதுவே பொருந்தும். ஒரு சொற்றொடரை வெட்டி வெட்டி ஒட்டிய விளையாட்டு அது. அக்காலத்தில் புதுமை; இன்று அதில் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. முதலில் வந்தது என்பதும் சிறந்தது என்பதும் வேறு வேறு.

'யுவர் லவ்' அப்படியல்ல. ஜேமி பிரின்சிபிள் எழுதிப் பாடியது. இசைத்தட்டாக வெளிவருமுன்னரே கேசட்டாகச் சிகாகோ முழுவதும் சுற்றியது. நக்கிள்ஸ் தம் அரங்கில் ஒலிக்கவிட்டுப் புகழ்பெறச் செய்தார். ஏறி இறங்கும் சுரக்கோவை ஒன்று தொடக்கம் முதல் இறுதிவரை சுழல, அதன்மேல் மூச்சுக்காற்றோடு கலந்த குரல் வருகிறது. பாடுபவர் உரக்கப் பாடுவதே இல்லை; காதருகில் சொல்வது போலவே சொல்கிறார். ஆயிரம் பேர் ஆடும் கூடத்தில் இந்த அந்தரங்கம் எப்படி எடுபட்டது என்பது வியப்புதான். 1987-இல் டிராக்ஸ் நிறுவனம் வெளியிட்டபோது நக்கிள்ஸின் பெயரே முன்னின்றது. இன்றும் பலர் இதை அவருடைய தடம் என்றே குறிப்பிடுகின்றனர். பிரின்சிபிளின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மார்ஷல் ஜெஃபர்சனின் 'மூவ் யுவர் பாடி' (1986) மகிழ்ச்சியின் தடம். ஜெஃபர்சன் அப்போது அஞ்சலகத்தில் இரவுப் பணியில் இருந்தவர். உடன் பணிபுரிந்தவர்களே பாடினர். முதன்மைக் குரல் கர்ட்டிஸ் மெக்ளெய்ன். பியானோ வாசிக்கத் தெரியாத ஜெஃபர்சன், மெதுவான வேகத்தில் அழுத்திப் பதிவு செய்து பின்னர் வேகத்தைக் கூட்டினார். கேட்கும்போது பெரிய வித்துவான் ஒருவர் வெறிகொண்டு வாசிப்பது போலிருக்கும். 'பியானோ இருந்தால் அது ஹவுஸ் அல்ல' என்று அன்று மறுப்பு எழுந்ததும், அதற்குப் பதிலாகவே 'ஹவுஸ் இசையின் கீதம்' என்ற துணைத்தலைப்பு வைத்ததும் அவர் பின்னாளில் சொன்ன செய்திகள். அதற்குப் பிறகு பியானோ இல்லாத ஹவுஸ் தடத்தைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

ஒரே ஒரு தடத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்ற நிலை வந்தால் அது 'கேன் யூ ஃபீல் இட்' (1986). 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்' என்ற பெயரில் லேரி ஹேர்ட் உருவாக்கியது. ஹேர்ட் அடிப்படையில் டிரம் வாசிப்பவர். டிரம் வாசிப்பவர் செய்த தடத்தில் தாளம்தான் முன்னிற்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே நிகழ்வது வேறு. அகன்று விரியும் சுரக்கூட்டு ஒன்று மெல்ல எழுந்து, மறைந்து, மீண்டும் எழுகிறது. அதன் கீழே தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு சிறு சொற்கட்டு நடந்துகொண்டே இருக்கிறது. டிரம் மெஷின் தன் வேலையைச் செய்கிறது, முந்திக்கொண்டு வருவதில்லை. சொற்கள் கிடையாது. ஏறக்குறைய ஆறு நிமிடத்தில் 'நிகழ்ச்சி' என்று சொல்லத்தக்கது எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் முடியும்போது எங்கோ போய்வந்த உணர்வு எஞ்சுகிறது.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மேலே ஒலிக்கும் சுரக்கூட்டும் கீழே நடக்கும் சொற்கட்டும் ஒன்றையொன்று துரத்துவதில்லை. இரண்டும் தத்தம் போக்கில் செல்கின்றன. சந்திக்கும் இடங்களில் மனம் ஒரு கணம் நெகிழ்கிறது. சோகமா மகிழ்ச்சியா என்று பிரித்துச் சொல்ல முடியாத நெகிழ்வு அது. நடனத்துக்கான இசை இப்படித் தனிமையோடும் பேச முடியும் என்று காட்டிய இத்தடத்திலிருந்தே 'டீப் ஹவுஸ்' என்னும் கிளை வளர்ந்தது. இதன்மேல் மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற உரையை ஏற்றிய வடிவம் ஒன்றும், ஹவுஸ் இசையின் தோற்றத்தை வேதாகமத் தொனியில் முழங்கும் பேச்சை ஏற்றிய வடிவம் ஒன்றும் உண்டு. இரண்டும் கூட்டத்தை எழுப்பக்கூடியவை. எனினும் சொல்லற்ற மூல வடிவமே மேலானது. கிங்கின் உரை தனியே நிற்கும் வலிமை உடையது, இந்த இசையும் அப்படியே. இரண்டையும் சேர்த்தபோது ஒன்று மற்றதற்குப் பின்னணியாகிவிடுகிறது.

இத்தகைய தடங்களால் உலகெங்கும் பணம் புரண்டது; செய்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. ஹேர்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் டிராக்ஸ் நிறுவனத்தின்மீது 2020-இல் உரிமை வழக்குத் தொடுத்தனர். 2022-இல் சமரசம் ஏற்பட்டு, தடங்களின் உரிமை அவர்களிடம் திரும்பியது. இடையில் கழிந்தவை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். மாணவர்கள் இத்தடங்களை அங்கீகரிக்கப்பட்ட வெளியீடுகளில் தேடிக் கேட்பது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். (பழைய டிராக்ஸ் தட்டுகளில் கேட்கும் கரகரப்பு கேட்பவரின் கருவிக் கோளாறு அல்ல. வேண்டாத தட்டுகளை உருக்கி மறுபடி அச்சிட்டதன் விளைவு அது.)

ஆசிட் ஹவுஸ்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி.பி.-303 என்ற சிறு கருவி, துணைக்குப் பேஸ் கிதார் கலைஞர் இல்லாதவர்களுக்காகச் செய்யப்பட்டது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்யவில்லை. பேஸ் கிதார் போலவே ஒலிக்காத அதை யாரும் வாங்கவில்லை. 1984-இல் உற்பத்தி நின்றது. அடிமாட்டு விலைக்கு இரண்டாம் கையாகக் கிடைத்த ஒன்றை 'ஃபியூச்சர்' என்ற சிகாகோக் குழுவினர் வாங்கினர். டி.ஜே. பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே. ஆகிய மூவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகினர். ஒலி நெளிந்தது, பிழிந்தது, குமுறியது.

அதன் விளைவு 'ஆசிட் டிராக்ஸ்' (1987). 'மியூசிக் பாக்ஸ்' அரங்கின் டி.ஜே. ரான் ஹார்டி இதை முதலில் ஒலிக்கவிட்டபோது ஆடியவர்கள் தளத்தைவிட்டு விலகினர். அதே இரவில் அவர் மீண்டும் மீண்டும் போட்டார். நான்காம் முறை கூடம் வெறிகொண்டு ஆடியது. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும் இத்தடம் எல்லோருக்கும் உரியதன்று. ராகம் இல்லை, சுரக்கூட்டின் இனிமை இல்லை. ஒலியின் நிறம் மட்டுமே மாறிக்கொண்டிருக்கிறது. முதல் முறை பிடிக்கவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியதில்லை. மியூசிக் பாக்ஸிலும் அப்படித்தான் நடந்தது.

இதே கருவி இந்தியாவிலும் ஒருவர் கையில் இருந்தது. மும்பைத் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-இல் ஹெச்.எம்.வி.க்காக 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற தட்டைப் பதிவு செய்தார். டி.பி.-303, டி.ஆர்.-808 டிரம் மெஷின், ஜுபிட்டர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்றே கருவிகள். பூபாலி, மால்கௌன்ஸ், கலாவதி உள்ளிட்ட பத்து ராகங்கள். கருநாடக இசை கற்பவர்கள் இவற்றை முறையே மோகனம், இந்தோளம், வலஜி ஆகியவற்றோடு ஒப்பிட்டுக் கேட்கலாம். வந்தபோது கவனிப்பாரற்றுப் போன இத்தட்டு 2010-இல் மறுவெளியீடு பெற்றதும் 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியரே' என்ற ஆரவாரம் எழுந்தது.

அந்தப் பெருமிதத்தைச் சற்றுத் தள்ளி வைத்தே கேட்க வேண்டும். சிகாகோ இளைஞர்கள் இத்தட்டைக் கேட்டு உருவாக்கினர் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. சரண்ஜித் சிங் தேடியது ஆசிட் ஒலியையும் அல்ல. கமகத்தில் சுரங்கள் வழுக்கிச் செல்வதைத் தாங்கக்கூடிய எந்திரம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது, டி.பி.-303-இன் வழுக்கும் தன்மை அதற்கு உதவியது. ஒரே கருவி இரண்டு ஊர்களில் இரண்டு தேவைகளுக்கு வளைந்துகொடுத்தது, அவ்வளவே. முன்னோடிப் பட்டம் இல்லாமலேயே இத்தட்டு கேட்கத் தகுந்தது. மால்கௌன்ஸ் தடத்தில் ராகத்தின் இருளும் டிரம் மெஷினின் அசையாத அடியும் பொருந்தும் விதம் அருமை. எல்லாத் தடங்களும் அந்தத் தரத்தில் இல்லை. பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் அலுக்கும்.

டெட்ராய்ட்

சிகாகோவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள டெட்ராய்ட்டில் இதே காலத்தில் டெக்னோ உருவானது. அங்கிருந்து வந்த 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' (1987) இரு நகரங்களுக்கும் பொதுவான சொத்து. டெரிக் மே, 'ரிதிம் இஸ் ரிதிம்' என்ற பெயரில் வெளியிட்டார். பியானோ மைக்கேல் ஜேம்ஸ். பெயர் சூட்டியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். நடன இசைக்கு உயிரான பேஸ் வரிசையே இத்தடத்தில் இல்லை. பெரும்பாலானோர் இதைப் பலமுறை கேட்ட பிறகும் கவனிப்பதில்லை. பியானோவும் வயலின் போன்ற ஒலிகளும் அந்த வெற்றிடத்தை அவ்வளவு வேகமாக நிரப்பிவிடுகின்றன. நடுவில் டிரம் நின்று பியானோ மட்டும் ஒலித்து, மீண்டும் தாளம் வந்து சேரும் இடம் இவ்வகை இசையின் உச்சங்களுள் ஒன்று.

பாடப்பட்டவை

சொற்களைத் தேடுபவர்களுக்கு ஜோ ஸ்மூத்தின் 'பிராமிஸ்ட் லேண்ட்' (1987) ஏற்றது. ஆந்தனி தாமஸ் பாடியது. வாக்களிக்கப்பட்ட நாடு என்ற வேதாகமப் படிமத்தைக் கறுப்பினத் தேவாலயப் பாடல்களிலிருந்து எடுத்து நடன அரங்குக்குள் கொண்டுவருகிறது. பிரசங்கம் ஆகிவிடும் ஆபத்து இருந்தும் ஆகவில்லை. பாடுபவரின் அடக்கமே காரணம்.

கிரிஸ்டல் வாட்டர்ஸின் 'ஜிப்ஸி வுமன்' (1991) தவறாகக் கேட்கப்பட்ட தடம். அதன் ஓசைநயமிக்க சொல்லற்ற இழுப்பு மட்டும் எல்லோர் நாவிலும் நின்றது. பாடல் வீடற்ற ஒரு பெண்ணைப் பற்றியது. வாஷிங்டன் நகரத் தெருவில் நல்ல ஒப்பனையோடு நின்று பாடிய ஒரு பெண்ணைக் கண்டு எழுதப்பட்டது. காலையில் எழுந்து முகத்தைத் திருத்திக்கொண்டு தெருவுக்கு வரும் அந்தப் பெண்ணின் பாட்டாகவே அந்தச் சொல்லற்ற இழுப்பைக் கேட்டால் தடம் முழுவதும் வேறாகிவிடும். ஆடவைக்கும் இசையில் இந்தச் செய்தி எதற்கு என்று கேட்பவர் உண்டு. காவடிச் சிந்தின் மெட்டில் துயரம் பாடப்பட்டதில்லையா?

ராபின் எஸ். பாடிய 'ஷோ மீ லவ்' முதலில் 1990-இல் வெளிவந்து எடுபடவில்லை. ஸ்வீடனின் ஸ்டோன்பிரிட்ஜ் செய்த மறுவடிவம் 1993-இல் உலகைச் சுற்றியது. கோர்க் எம்-1 கருவியில் முன்பே பதிந்திருந்த ஆர்கன் ஒலி ஒன்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியதுதான் அதன் அடையாளம். பின்னர் அந்த ஒலியை எல்லோரும் எடுத்தாண்டு தேய்த்துவிட்டனர். தேய்க்க முடியாதது ராபினின் குரல்.

பிற்காலம்

பிரெஞ்சு இரட்டையர் டாஃப்ட் பங்கின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' (1997) மாணவர்களுக்குச் சிறந்த பாடம். தலைப்பைத் தவிர வேறு சொல்லே இல்லை; இசைத்தொகுப்பில் உள்ள வடிவத்தில் அது 144 முறை வருகிறது. மிஷேல் கோந்திரி இயக்கிய காணொளியில் ஒவ்வொரு நடனக் குழுவும் ஓர் ஒலியாக இயங்குகிறது: ரோபோக்கள் குரல், விளையாட்டு வீரர்கள் பேஸ், நடனப் பெண்கள் கீபோர்டு, எலும்புக்கூடுகள் கிதார், மம்மிகள் டிரம் மெஷின். ஒலி வந்தால் அந்தக் குழு நகரும், நின்றால் நிற்கும். கட்டுரைகளால் விளக்க முடியாத அடுக்கமைப்பை நான்கு நிமிடத்தில் கண்ணால் காணச் செய்துவிடுகிறது.

2010களில் விளையாட்டரங்குகளை நிரப்பிய இ.டி.எம். வகையில் அவிச்சியின் 'லெவல்ஸ்' (2011) நல்ல எடுத்துக்காட்டு. எட்டா ஜேம்ஸின் 1962 பாடல் ஒன்றிலிருந்து எடுத்த குரல், நினைவில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. இரண்டும் நன்றே. ஆயினும் ஒலியைப் படிப்படியாக ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, மொத்தமாகக் கொட்டும் உத்தி இங்கே தடத்தின் ஒரே நிகழ்ச்சியாகிவிடுகிறது. லேரி ஹேர்ட் ஆறு நிமிடம் காத்திருந்து தருவதை இது ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கையில் திணிக்கிறது. இதிலிருந்து தொடங்கி இவ்வகைக்குள் வருவோரே இன்று மிகுதி. அவர்கள் அடுத்ததாக 'யுவர் லவ்' கேட்பது நல்லது. இரண்டையும் ஒரே மாலையில், அந்த வரிசையிலேயே, முழுமையாகக் கேட்க வேண்டும்.